ஊசிக்குப் பயந்த ஹாஜியாரும் இருபத்து நான்கு கோப்பைகளும்

மடவளை பசாரில் பெயின்ட், பைப், ஆணி விற்கும் சாஹுல் ஹமீது ஹாஜியாருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். பாம்பைக் கையால் பிடித்து மதிலுக்கு அப்பால் எறிவார். வத்தேகம பஸ் வளைவில் சாயும்போது மிதிபலகையில் நின்றபடி வெற்றிலை மடிப்பார். ஊசி என்றால் மட்டும் ஆள் காலி. ஹஜ்ஜுக்குப் போகுமுன் போட வேண்டிய தடுப்பூசிக்கு அவரைப் பிடிக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கீழே விழப் போன தாதியைப் பிடிக்க ஆறாவது ஆள். அன்று அவர் போட்ட சத்தம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை கேட்டது என்று சொல்பவர்கள் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம், கண்டி கிளினிக்கில் டொக்டர் றஞ்சனா ஒரு திங்கட்கிழமை காலை இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மூண்டு மாதச் சராசரி ஒன்பதுக்கு மேல நிக்குது ஐயா. சீனி வருத்தத்துக்கு இனி விழுங்கிற குளிசை மட்டும் போதாது. அடுத்தமுறை எட்டுக்குக் கீழ வராட்டி இன்சுலின் தொடங்குவம்."

"இன்சுலின்டா, குடிக்கிற மருந்தா டொக்டர்?"

"இல்லை, ஊசி."

"எத்தின வருஷத்துக்கு ஒருக்கா?"

"ஒவ்வொரு நாளும்."

ஹாஜியார் மயங்கி விழவில்லை. மரியாதையாக எழுந்து, கதிரையை ஒழுங்காகத் தள்ளி வைத்து, டொக்டருக்கு நன்றி சொல்லி, அலுமாரிக் கதவைத் திறந்து அதற்குள் போகப் பார்த்தார். மனைவி ரபீகாதான் கையைப் பிடித்து வாசல் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டார்.

மூன்று மாதம். எட்டுக்குக் கீழே. இல்லாவிட்டால் ஊசி. பஸ்ஸில் வரும்போது அவர் தலைக்குள் இது மட்டும்தான் ஓடியது. பஸ் மடவளைக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஒரு முடிவுக்கும் வந்து சேர்ந்தார்: கொத்தலஹிம்புட்டு.

கண்டிப் பக்கத்தில் இந்தக் கொடியைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதன் பருத்த தண்டைக் குடைந்து கோப்பை செய்வார்கள். படுக்கப் போகும்போது கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது அது பால் விடாத தேயிலைத் தண்ணீரின் நிறத்துக்கு வந்திருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் சீனி இறங்கும் என்பது பேச்சு. அந்தக் கோப்பையைக் குசினித் தட்டில் வைத்தால் பக்கத்து டின்னில் இருக்கும் சீனியும் குறைகிறது என்று சத்தியம் பண்ணுகிறவர்களும் உண்டு. அந்த வீடுகளில் ஒளித்துச் சீனி தின்னும் ஆள் யாரென்று விசாரித்தால் போதும்.

"டொக்டர்ட்ட ஒரு சொல்லு கேட்டுட்டுக் குடிங்களே" என்றார் ரபீகா.

"கேட்டா வேணாம்டு சொல்லுவா."

"வேணாம்டு சொல்லுவாண்டு தெரிஞ்சா அது எதுக்குண்டும் தெரியணுமே."

ஹாஜியார் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டார்.

கடையில் தம்பிராஜா காத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து புள்ளிவிபர உத்தியோகத்தராகக் கண்டிக்கு வந்து, முப்பத்தைந்து வருடம் இந்த மாவட்டத்தில் ஆடு, மாடு, நெல், தென்னை என்று எண்ணக்கூடிய எல்லாவற்றையும் எண்ணி முடித்து ஓய்வு பெற்றவர். இப்போது எண்ண எதுவும் இல்லாமல், தினமும் கடைக்கு வந்து ஆணிப் பெட்டிக்குள் கைவிட்டு ஆணிகளை எண்ணுவார். கோப்பைக் கதையைக் கேட்டதும் அந்தக் கை நின்றது.

"ஆதாரம் என்ன காணும்?"

"முழு ஊரும் குடிக்குதே சேர்."

"முழு ஊரும் வெற்றிலையும்தான் போடுது. குடிக்கிற ஆக்களை மட்டும் பாத்து என்ன விளங்கும்? இருபத்து நாலு பேரைப் பிடியுங்கோ. பன்னிரண்டு பேருக்கு உண்மைக் கோப்பை. பன்னிரண்டு பேருக்கு அதே மாதிரி வேற மரத்தில பொய்க் கோப்பை. ஆருக்கு எது எண்டு ஆருக்கும் தெரியக் கூடாது. மூண்டு மாதம் தினமும் சீனி அளந்து எழுதுவம். அதுதான் ஆதாரம்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பத்து வருடத்துக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது.

ஹாஜியாருக்கு ஆதாரத்தில் ஆசையில்லை. ஆனாலும் டொக்டரின் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு பெரிய கோப்பு இருந்தால் ஊசி இரண்டு அடி பின்வாங்கும் என்று தோன்றியது. சம்மதித்தார். மடவளையில் தன்னோடு சேர்த்துச் சீனி வருத்தக்காரர்கள் இருபத்து நான்கு பேரைத் திரட்ட அவருக்கு ஒரு அஸர் தொழுகையும் அதற்குப் பிறகு பள்ளி வாசலில் பத்து நிமிடமும் போதுமாக இருந்தன. தம்பிராஜா எல்லோருக்கும் படிவம் நிரப்பினார். 'வைத்தியருக்கு அறிவித்தீரா' என்ற கேள்விக்கு முதல் ஆளாக 'ஆம்' என்று எழுதியவர் ஹாஜியார். மற்ற இருபத்து மூன்று பேரும் ஹாஜியாரின் தாளைப் பார்த்து எழுதினார்கள்.

கோப்பை செய்யும் வேலை மரம் கடையும் பவாஸிடம் போனது. பவாஸைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. இருபது வருடமாக, வெள்ளைக்காரர் வாங்கும் கடைகளுக்குக் கொத்தலஹிம்புட்டுக் கோப்பை என்று சொல்லி, கையில் அகப்படும் மரத்தையெல்லாம் கடைந்து கொடுக்கிறவர். ஒருமுறை உடைந்த தொட்டில் ஒன்றிலிருந்து ஒன்பது கோப்பை எடுத்தார். மீதியில் ஒரு யானையும் வந்தது. பொய்க் கோப்பை செய்ய இந்தத் தீவில் இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

"மருந்துக் குணம் ஒண்டும் இல்லாத மரமாப் பாத்துச் செய்யும்" என்றார் தம்பிராஜா.

"அப்பிடி ஒரு மரம் ஈக்கா சேர்? மடவளையில எந்த மரத்தக் காட்டினாலும், இது வாதத்துக்கு, இது மூலத்துக்குண்டு சொல்ல ஒரு ஆள் வரும்."

தம்பிராஜா ஒரு வாரம் யோசித்தார். பிறகு, ஏலத்தில் போன பழைய அரசாங்க மேசைகள் மூன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். "இந்தா, பன்னிரண்டு கால். நாப்பது வருஷம் கந்தோரில நிண்ட மரம். ஆருக்கும் ஒரு பலனும் குடுத்ததில்லை."

இருபத்து நான்கு கோப்பைகள் வந்தன. உருவத்தில், நிறத்தில், கனத்தில் ஒன்றுக்கொன்று அச்சு. அடியில் இலக்கம் சுட்டிருந்தது. எந்த இலக்கம் உண்மை, எது மேசைக்கால் என்ற பட்டியலைப் பவாஸ் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க, தம்பிராஜா அதை அலுமாரியில் பூட்டினார். குலுக்கலில் ஹாஜியாருக்கு ஏழாம் இலக்கம் விழுந்தது.

அன்றிலிருந்து ஹாஜியாருக்கு நிம்மதி போனது. ஏழு உண்மையா, மேசைக்காலா? மேசைக்காலாக இருந்தால், மூன்று மாதம் அரசாங்கத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு ஊசிக்குப் போய் நிற்க வேண்டும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழி அவருடைய மூளைக்கே உரியது. கள மேற்பார்வையாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். தினமும் சுபஹ் தொழுதுவிட்டு, சீனி பார்க்கும் மெஷினோடு மேடும் பள்ளமுமாக இருபத்து மூன்று வீட்டுக்கும் போவார். அவரவர் விரலை அவரவர் குத்திக்கொள்ளும்போது இவர் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்ப்பார். இலக்கத்தை எழுதுவார். எழுதி முடித்ததும், "தரம் பாக்கணும், கோப்பைய கொஞ்சம் தாங்க" என்று வாங்கி ஒரு மிடறு குடிப்பார். உண்மைத் தண்ணீரின் ருசி எது என்று பிடித்துவிட்டால், அந்த வீட்டுக் கோப்பையோடு ஏழாம் இலக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே துவர்ப்பாக இருந்தது. தன் நாக்குத்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு மிடறு குடித்தார். வீட்டுக்கு வந்து ஏழாம் இலக்கத்தையும் முழுதாக விழுங்கி, அதன் மேல் வழமையான குளிசையையும் போட்டுக்கொண்டார். சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்தார். ஊசியை ஒரு பக்கத்தால் மட்டும் அடித்தால் போதாதே.

அவருடைய சொந்த விரல்? அதை ஏன் கேட்கிறீர்கள். முதல் நாள் அந்தச் சின்ன ஊசிமுனையைக் கண்டதும் ஹாஜியார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். ரபீகா கட்டிலின் இந்தப் பக்கம் குனிந்தால் அவர் அந்தப் பக்கம் உருண்டார்.

"தொண்ணூறு நாளைக்கி இந்தக் கூத்து எனக்கு ஏலா" என்று சொல்லி, ரபீகா தன் விரலைக் குத்தி, வந்த இலக்கத்தை ஏழாம் கட்டத்தில் எழுதிவிட்டு ரொட்டி சுடப் போனார். மறுநாளும் அப்படியே. ரபீகாவுக்குச் சீனி வருத்தத்தின் வாடைகூடக் கிடையாது. தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து என்று ஏழாம் கட்டம் பூத்துக் குலுங்கியது.

"ஏழாம் இலக்கம் ஒரு அதிசயம் காணும்" என்றார் தம்பிராஜா.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார் ஹாஜியார், ரபீகாவைப் பார்க்காமல்.

மூன்றாம் வாரத்தில் மடவளையின் வயிறு பேசத் தொடங்கியது.

முதலில் ஒன்றிரண்டு வீடுகளில் சின்ன முழக்கம். பிறகு ஊரே முழங்கியது. மழை வருகிறது என்று நினைத்துக் கலகெதரப் பக்கம் வரை கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்துவிட்டார்கள். சங்கடம் பள்ளிவாசலில்தான் பெரிதானது. காற்றுப் போனால் வுழு முறியும். முறிந்தால் மறுபடி முகம், கை, கால் கழுவித்தான் தொழ வேண்டும். இருபத்து நான்கு பேரும் கழுவிவிட்டு வருவார்கள், தொழுகையில் நிற்பார்கள், ஒருவர் முகம் மாறும், மெல்ல விலகிக் குழாயடிக்குப் போவார். அவர் திரும்பி வரும்போது மற்றவர் போவார். ஒரு வெள்ளிக்கிழமை மேல் தாங்கியில் இருந்த தண்ணீர் முழுவதும் இந்த இருபத்து நான்கு பேரின் கால்களில் ஓடி முடிந்தது. தண்ணீர் பவுசர் வந்து திரும்புவதற்குள் இரண்டாவது பவுசருக்கும் ஆள் அனுப்பினார்கள்.

தம்பிராஜா வீதிக்கு மறுகரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, குழாயடி வரிசையை எண்ணி எழுதினார். எழுதியவர் மறுநாள் குழப்பத்தோடு கடைக்கு வந்தார்.

"வயிறு ஊதுறது இந்த மருந்துக்கு வரக்கூடியதுதான். வாசிச்சனான். ஆனா பன்னிரண்டு பேருக்கு எல்லோ வரவேணும்? இருபத்து நாலும் வரிசையில நிக்குது. மேசைக்கால் தண்ணி குடிச்சவனுக்கு ஏன் காணும் ஊதுது?"

"பழைய கந்தோர் மேசை சேர். என்னென்ன கோப்பெல்லாம் அதுக்கு மேல ஈந்திச்சோ" என்றார் ஹாஜியார்.

பதினோராம் வாரம் ஒரு புதன்கிழமை. ஹாஜியார் இருபத்து மூன்று வீட்டிலும் மும்மூன்று மிடறு குடித்து, ஏழாம் இலக்கத்தை முடித்து, குளிசையும் போட்டு, ரொட்டியில் கால்வாசியோடு கடையைத் திறந்தார். பத்து மணிக்கு ஒருவர் அரை அங்குல பைப்புக்கு முழங்கை கேட்டார். ஹாஜியார் தன் முழங்கையை நீட்டி, "எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு பெயின்ட் டின் ஒன்றைப் பார்த்து சலாம் சொல்லி, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்து, அதன் வாப்பா பெயரைக் கேட்டார். வியர்வை சட்டையைத் தாண்டித் தரையில் சொட்டியது. கை கால் ஆட, சீமெந்து மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ரபீகா ஓடி வந்தார். அவர் விழுங்கக் கூடியதாக இருந்தவரைக்கும் கொடுத்தார்கள்: ஏழு கரண்டி சீனி போட்ட தேயிலைத் தண்ணீர், ஒரு வட்டுக் கருப்பட்டி, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்திருந்த வட்டிலாப்பத்தில் ஒரு தட்டு. ஒரு யானை எழும்பி நடந்து போயிருக்கும். ஹாஜியார் எழும்பவில்லை. கண் செருகியதும் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று தம்பிராஜா தடுத்தார். முச்சக்கர வண்டியில் ஏற்றி, மகாவலி ஆற்றின் தண்ணீரே ஒதுங்கி வழிவிட்ட வேகத்தில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

கண் விழித்தபோது ஹாஜியார் முதலில் பார்த்தது கூரையை. பிறகு ஒரு போத்தலை. போத்தலிலிருந்து ஒரு குழாய் இறங்கியது. அது எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தார். தன் கையில் போய் முடிந்தது. முடிந்த இடத்தில், பிளாஸ்டருக்கு அடியில், ஊசி. ஆணிக் கடைக்காரரின் கணக்கில் இரண்டு அங்குலம். அதைவிடக் குறைத்து அவர் இன்றுவரை சொன்னதில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊசி ஏற்கனவே உள்ளே இருந்தது. கத்துவதற்குரிய நேரம் முடிந்துபோயிருந்தது.

"வரேக்க உங்கட சீனி முப்பத்தொண்டுக்கு இறங்கிக் கிடந்தது" என்றார் கட்டிலருகே நின்ற டொக்டர் றஞ்சனா. கையில் தம்பிராஜாவின் கோப்பு. "இதில இண்டைக்குக் காலமை தொண்ணூற்றி நாலு எண்டு கிடக்கு. இது ஆற்ற இரத்தம்?"

ரபீகா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து விரல் நுனியும் சல்லடை.

"எழுபத்திமூணு நாள் டொக்டர். ஒரு நாள் சரி, இண்டைக்கி என்ட விரலக் குத்துங்கண்டு சொல்லல்ல இந்த மனுஷன்."

தம்பிராஜா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அதிசயமான ஏழாம் இலக்கம் அவர் முகத்திலிருந்து வடிவதைப் பார்க்க முடிந்தது.

"ஒண்டு விளங்கேல்லை டொக்டர்" என்றார் அவர் கடைசியில். "அவ்வளவு சீனி குடுத்தும் ஏன் எழும்பேல்லை?"

"கொத்தலஹிம்புட்டு செய்யிற வேலையே அதுதான். நாங்கள் சாப்பிடுற சீனியையும் மாவையும் குடல் உடைக்க விடாமல் மறிக்கும். நீங்கள் குடுத்தது எல்லாம் வயித்துக்குள்ள அப்பிடியே கிடந்திருக்கும். வயிறு ஊதுறதும் அதாலதான். குளிசை ஒரு பக்கம் இறக்க, இது ஏறவிடாமல் மறிக்க, சாப்பாடும் இல்லை. அதுதான் நேரா நரம்பில குளுக்கோஸ் ஏத்தினது."

"அப்ப மருந்து வேலை செய்யுது" என்று தம்பிராஜா எழுந்தார்.

"வேலை செய்யிறபடியாத்தான் பயம். சின்னச் சின்ன ஆராய்ச்சியள் இருக்கு, சீனி கொஞ்சம் குறையுது எண்டு. ஆனா உங்கட கோப்பையில எவ்வளவு கரையுது எண்டு ஆரும் அளந்ததில்லை. முதல் நாள் ஒரு அளவு, தொண்ணூறாம் நாள் ஒரு அளவு. சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கு என்ன செய்யும், பிள்ளைத்தாச்சிக்கு என்ன செய்யும், ஒழுங்கான பதில் இல்லை. குளிசை போடுறவை சொல்லாமல் குடிச்சால், இப்பிடி."

ஹாஜியார் தாழ்ந்த குரலில் கேட்டார். "என்ட ஏழு உண்மைதானா? அதையாவது சொல்லுங்க சேர்."

தம்பிராஜா பைக்குள்ளிருந்து உறையை எடுத்து உடைத்தார். ஏழுக்கு நேரே 'உண்மை' என்று இருந்தது. ஆறுக்கு நேரேயும். எட்டுக்கு நேரேயும். கீழே வரைக்கும் போனார். இருபத்து நான்கு உண்மை.

வாசலில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்ற பவாஸை எல்லோரும் பார்த்தார்கள்.

"மேசைக்கால் பன்னெண்டும் பட்டறையில அப்பிடியே ஈக்குது" என்றார் பவாஸ். "செய்யத்தான் எடுத்தேன். கை வரல்ல சேர்."

"இருவது வருஷமாப் பொய்க் கோப்பைதானே காணும் செய்யிறீர்?"

"அது வியாபாரம். வாங்குற ஆளுக்கும் பாதி தெரியும். இது எங்கட ஊர் ஆக்கள், நோயாளி. பொய் மரத்தைக் குடுங்கண்டு நீங்க வாய் தொறந்து கேக்கிறீங்க. ஒரு ஆளுக்கு அதால மௌத்து வந்தா மறுமையில நான் யாருக்குப் பதில் சொல்ற? ஹராமான வேலைய இவ்வளவு நேராக் கேட்டு என்ட காலத்தில ஒரு ஆளும் வந்ததில்ல."

"அப்ப நான் எதை எதோட ஒப்பிடுறது?"

"அது எனக்கு வெளங்கல்ல. ஆனா ஒண்டும் கள்ளச் சாமான் இல்ல."

தம்பிராஜா எழுபத்து மூன்று நாள் தாள்களையும் மடியில் வைத்து, பவாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து மடவளையில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தாதியைக் கூப்பிட்டார்.

டொக்டர் றஞ்சனா இன்னொரு தாளை எடுத்தார். "மயக்கத்தில இருக்கேக்க எடுத்த இரத்தத்தில மூண்டு மாதச் சராசரியும் பாத்தனாங்கள். ஏழு தசம் எட்டு."

ஹாஜியார் நிமிர்ந்தார். "எட்டுக்குக் கீழ."

"எட்டுக்குக் கீழ. கோப்பையாலயோ, அரை வயித்தாலயோ, தினமும் இருபத்து மூண்டு வீடு ஏறி இறங்கினதாலயோ, ஆருக்கும் தெரியாது. இப்ப இன்சுலின் வேண்டாம். கோப்பையை நிப்பாட்டுங்கோ, மற்ற எல்லாரும் குளிசைச் சீட்டோட இந்தக் கிழமையே கிளினிக்குக்கு வரவேணும். உங்கட குளிசையையும் குறைக்கிறன். ஆனா திரும்ப இறங்காமல் இருக்க, ஒரு மாதத்துக்கு விரலைக் குத்திப் பாக்கவேணும். உங்கட விரலை. நாளுக்கு நாலு தரம்."

ஹாஜியார் மனதுக்குள் பெருக்கினார். முப்பது நாள், நாலு தரம். முகம் வெளிறியது.

"டொக்டர், அந்த இன்சுலின் நாளைக்கி எத்தினை தரம்?"

"ஒருக்கா."

"அப்ப இன்சுலினையே தாங்களேன்."

"இன்சுலின் போட்டாலும் விரல் குத்தத்தான் வேணும் ஐயா. அப்ப அஞ்சு."

மறுநாள் வீட்டுக்கு விடும்போது டொக்டர் விரல் குத்தும் கருவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். ரபீகா தன் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். ஹாஜியார் வாசலைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, இடது கை மோதிர விரலில் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது விரல் நுனியில் மாதுளை முத்துப் போல ஒரு துளி நின்றது.

"நூற்றி நாற்பத்தாறு" என்று மெஷினைப் பார்த்து வாசித்தார் ரபீகா.

"என்ட இரத்தம்" என்றார் ஹாஜியார்.

வத்தேகம பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் யார் பார்ப்பது? பஞ்சு ஒட்டிய விரலை உயர்த்திப் பிடித்தபடி நடுவில் நின்றார். யாரோ இறங்கக் கை காட்டுகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் பெல் அடிக்க, கட்டுகஸ்தோட்டைக்கும் மடவளைக்கும் இடையில் ஒரு தரிப்பிடமும் இல்லாத ஆறு இடங்களில் பஸ் நின்றது. ஏழாவது முறை டிரைவரே எழுந்து வந்தார்.

"ஹாஜியார், இறங்கப் போறீங்களா இல்லையா?"

"இல்ல தம்பி" என்று விரலை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினார் சாஹுல் ஹமீது. "இது நானே குத்தினது. பின்னேரம் இன்னொண்டு குத்துவேன்."